மாமாட பழைய மெனுவல் லென்ஸுகளுக்கு எந்த கமரா பொடி சரிவரும்? (எம்42, எஃப்டி)

வாவிக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். எங்கட மாமா முந்தி ஸ்டூடியோ வெச்சிருந்தவர், இப்ப வயசு போய் வீட்டோட இருக்கார், அவர் பாவிச்ச லென்ஸுகள தகரப் பெட்டியோட அப்படியே என்னட்ட தந்திட்டார். உள்ளுக்க சூப்பர் டக்குமார் 50 எஃப் 1.4, ரஷ்யாட ஹீலியோஸ் 44-2 (58 மில்லிமீற்றர் எஃப் 2), இது ரெண்டும் முறுக்கிப் பூட்டுற எம்42. மத்த ரெண்டும் கெனன்ட பழைய எஃப்டி மவுண்ட், 50 எஃப் 1.4 ஒண்டு, 135 எஃப் 3.5 ஒண்டு. டக்குமாரிட ஃபோகஸ் ரிங்கத் திருகிப் பாத்தன், வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது, இப்ப வாற கிட் லென்ஸ் எதுலயும் இந்தச் சுகம் இல்ல.

என்னட்ட இருக்கிறது நிக்கோன் டி5300. கண்ணாடி வெச்ச அடப்டர் ஒண்டு போட்டா எல்லாம் வேல செய்யும் எண்டு ஒராள் சொன்னார், இன்னொராள் மிரர்லெஸ் எடுக்காம இதுகளத் தொடாத எண்டார். காசு ரெண்டு லட்சத்துக்குள்ள எண்டா பரவால்ல, கொஞ்சம் கூடினா டி5300ஐ குடுத்துச் சமாளிக்கலாம். செக்கண்ட் ஹேண்ட்தான் பாக்கிறன்.

நான் எடுக்கிறது கூடுதலா கூத்து. ராவைல களரியில (வட்டக் கூத்து மேடையில) ஆடுறத ஃபிளாஷ் இல்லாம எடுக்கணும். அதோட மாமாங்கத் தீர்த்தம், வெள்ளண வாவியில தோணிக்காரர் வல வீசுறது. கலியாண வீட்டு வீடியோ ஒண்டும் செய்யிறதில்ல. ஓட்டோ ஃபோகஸ் எனக்குத் தேவையில்ல, இந்த லென்ஸுகள அதுகளிட முழு அழகோட பாவிக்கணும், அதுதான் ஆச. எந்த பொடி எடுக்கட்டும்?

கல்முனை_நானா

தம்பி, டி5300க்கு அடப்டர் வாங்குற எண்ணத்த இப்பயே விட்டுடுங்க. லென்ஸ் பூட்டுற இடத்துல இருந்து சென்சர் வரைக்கும் ஒரு தூரம் இரிக்கி, அதத்தான் ஃபிளாஞ் தூரம் எண்டு செல்லுற. நிக்கோன் எஃப் மவுண்டுக்கு அது 46.5 மில்லிமீற்றர். எம்42 லென்ஸ் கேக்கிறது 45.46. எஃப்டி கேக்கிறது 42. அப்ப உங்கட லென்ஸ் எல்லாத்தயும் நிக்கோன் பொடி தேவைக்கு மிச்சமா தள்ளி வெச்சிருது, மேல அடப்டரிட தடிப்பு வேற. 50 லென்ஸப் போட்டா ஒண்டு ரெண்டு மீற்றருக்கு அங்கால ஒண்டும் தெளியாது. அதச் சரிக்கட்டத்தான் அடப்டருக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடி வெக்கிறாங்க, அந்த மலிவுக் கண்ணாடி டக்குமார்ட தெளிவ எல்லாம் திண்டுரும். அதோட டி5300ல இப்பிடிப்பட்ட லென்ஸப் போட்டா மீட்டரும் வேல செய்யாது.

கெனன் டிஎஸ்எல்ஆர் (உள்ளுக்க மிரர் உள்ள கமரா) எண்டா 44 மில்லிமீற்றர், எம்42 நல்லா ஏறும், ஆனா எஃப்டி ஏறாது. கெனன்ட லென்ஸ் கெனன்லயே ஏறாது, எனக்கு இப்பயும் கவலையான விசயம் அது. ஃபுல் ஃபிரேம் (பழைய பிலிம் அளவுச் சென்சர்) டிஎஸ்எல்ஆர்ல சில எம்42 லென்ஸிட பின்பக்கம் மிரர்ல முட்டுற பிரச்சினையும் இரிக்கி.

மிரர்லெஸ்ல மிரர் பெட்டியே இல்லாததால தூரம் சரியான குறவு. சோனி ஈ 18, நிக்கோன் இசட் 16, கெனன் ஆர்எஃப் 20, பியூஜி எக்ஸ் 17.7. மிச்ச இடத்த வெறும் குழாய் மாதிரி ஒரு அடப்டர் நிரப்பிரும், உள்ளுக்க கண்ணாடி ஒண்டும் தேவையில்ல. உலகத்துல உள்ள பழைய எஸ்எல்ஆர் லென்ஸ் முக்காவாசியும் இதுகள்ள ஏறும்.

என்ட கருத்து, சோனி ஏ7 மார்க் 2 எடுங்க. 2014ல வந்தது, பழசுதான், ஆனா ஃபுல் ஃபிரேம், 24 மெகாபிக்சல், கை ஆடினாலும் படம் கலங்காமப் பாக்கிற ஸ்டெபிலைசர் பொடிக்குள்ளயே இரிக்கி. மாமாட லென்ஸ் எதுலயும் ஸ்டெபிலைசர் இல்ல, பொடி குடுத்தாத்தான் உண்டு. 2013ல வந்த முதல் ஏ7 இதவிட மலிவாக் கிடைக்கும், பாரமும் குறவு, ஆனா அதுல ஸ்டெபிலைசர் இல்ல, மவுண்டும் அவ்வளவு பலமில்ல. அடப்டரோட இரும்பு லென்ஸத் தூக்கிப் போட்டு அடிக்கிற ஆளுக்கு மார்க் 2தான் தாங்கும்.

எடுத்தா மறுகா மெனுவுக்குள்ள போய் ரெண்டு விசயம் செய்யணும். லென்ஸ் இல்லாம ஷட்டர் அடிக்க விடுற செட்டிங் ஒண்டு இரிக்கி, அத ஓன் பண்ணணும், இல்லாட்டி கமரா லென்ஸக் கண்டுபிடிக்காம படமே அடிக்காது. மத்தது ஸ்டெடிஷொட்ட (சோனிட ஸ்டெபிலைசர்) மெனுவலுக்கு மாத்தி எத்தின மில்லிமீற்றர் லென்ஸ் எண்டு நீங்களே குடுக்கணும். 135ஐப் பூட்டிட்டு அங்க 50 எண்டு கெடந்தா ஸ்டெபிலைசர் அரகொறையாத்தான் வேல செய்யும். லென்ஸ் மாத்துற நேரமெல்லாம் கை தானா அந்த மெனுவுக்குப் போகணும், பழகிட்டா ஒண்டுமில்ல.

சம்மாந்துறை_வயல்

நானா சொன்ன ஃபிளாஞ் கணக்கெல்லாம் சரி, ஆனா தொடங்குற ஆளுக்கு நேர ஃபுல் ஃபிரேம் என்னத்துக்கு? நான் சோனி ஏ6000 வெச்சிருக்கன், குரொப் சென்சர் (ஃபுல் ஃபிரேம விடச் சின்னது), 24 மெகாபிக்சல், உங்கட காசவிடக் குறைய எடுக்கலாம். வயல்ல கொக்கு, நாரை எடுக்க எனக்கு குரொப்தான் வசதி, 135 லென்ஸ் 200 மாதிரி வேல செய்யுது. பீக்கிங் (ஃபோகஸான ஓரத்த நிறத்தால காட்டுறது) இருக்கு, பெரிசாக்கிப் பாக்கலாம், சின்னப் பொடி, பையோட பையாக் கெடக்கும்.

ஃபுல் ஃபிரேம் பார்வை வேணுமெண்டா ஃபோகல் ரெடியூசர் எண்டு ஒரு அடப்டர் இருக்கு, 0.71 எண்டு போட்டிருக்கும், அதுக்குள்ள உள்ள கண்ணாடி படத்தச் சுருக்கி சின்ன சென்சருக்குள்ள விழுத்தும், ஒரு ஸ்டொப் வெளிச்சமும் கூடும். நல்லதா வாங்கினா நல்லாத்தான் இருக்கும், மலிவானதுல மூலை கரையும்.

திருக்கோவில்_அலை

தம்பி, நான் கன காலமா பழைய லென்ஸாலதான் எடுக்கிறன், பெரும்பாலும் கோயில் சடங்கு, கண்ணகி அம்மன் குளிர்த்தி, பாண்டிருப்புத் தீமிதி இப்பிடி. நானாவும் வயல்காரரும் சொன்னதுல பிழையில்ல, ஆனா நீங்க எடுக்கப் போறது கூத்து எண்டதால நான் வேற மாதிரிச் சொல்றன்.

குரொப் சென்சர் உங்களுக்குச் சரிவராது. ஹீலியோஸ் 44-2 எண்டாலே பின்னால உள்ள இலையும் வெளிச்சமும் சுழண்டு போற மாதிரி விழுறதுதான் அதிட பேரே. அந்தச் சுழல் நடுவுல இல்ல, ஓரத்துலதான் இருக்கு, குரொப் சென்சர் அந்த ஓரத்த வெட்டி எறிஞ்சிரும். 58 லென்ஸ் 87 மாதிரி ஆகி, சாதாரண போட்ரேட் லென்ஸ் ஒண்டுதான் கையில மிஞ்சும். டக்குமார் 50 அங்க 75. "முழு அழகோட" எண்டு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப ஃபுல் ஃபிரேம்தான்.

அடுத்தது ஸ்டெபிலைசர். வாவியில விடியக் காலம், கோயில் மண்டபத்துக்குள்ள, ஆடாம நிக்கிற எதுக்கும் அது பெரிய உதவி. ஆனா கூத்துல ஆடுறது உங்கட கை இல்ல, ஆடுற ஆள். வடமோடிக் கூத்துல விரிஞ்ச கரப்புடுப்போட சுத்தி அடிக்கிற ஆள ஸ்டெபிலைசர் நிப்பாட்டாது, ஷட்டர் 1/250 செக்கன் போகணும், குறைஞ்சது 1/125 எண்டாலும் வேணும். அப்ப ஐஎஸ்ஓ (சென்சரிட வெளிச்ச உணர்வு) ஏறும். அப்ப உங்களுக்கு வேண்டியது ரெண்டு சாமான், இருட்டுல சகிக்கக் கூடிய சென்சர், அதோட நல்ல வியூஃபைண்டர்.

அந்த வியூஃபைண்டரப் பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல. ஓட்டோ ஃபோகஸ் லென்ஸ் பாவிக்கிற ஆளுக்கு அது சும்மா ஒரு ஜன்னல். எங்களுக்கு அதுதான் ஃபோகஸ். மெகாபிக்சல், ஸ்பீட், வீடியோ எல்லாத்தயும் மறந்திட்டு, கண்ண வெச்சுப் பாக்கேக்க மூஞ்சி தெளிஞ்சிட்டா இல்லையா எண்டு உடன விளங்குதா எண்டு மட்டும் பாருங்க, அப்பிடி விளங்குற பொடிதான் பழைய லென்ஸுக்கு நல்ல பொடி. ஏ7 மார்க் 2ல 23.6 லட்சம் புள்ளி, பழைய வியூஃபைண்டர், இருட்டுல கொஞ்சம் மணல் மணலா ஓடும். 2020ல வந்த நிக்கோன் இசட் 5ல 36.9 லட்சம் புள்ளி, பார்வையும் பெரிசு, அதிலயும் ஸ்டெபிலைசர் இருக்கு, 24 மெகாபிக்சல், ரெண்டு கார்ட் போடலாம். நிக்கோன் பழகின கைக்கு மெனுவும் தெரிஞ்ச மெனு. சிப் இல்லாத லென்ஸ் 20 வரைக்கும் ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம் வெச்சு மில்லிமீற்றரையும் அப்பச்சரையும் (லென்ஸ் திறக்கிற அளவு) பதிஞ்சு வெக்கலாம், நானா சொன்ன மாதிரி ஒவ்வொருக்காவும் நம்பர் மாத்தத் தேவையில்ல, லிஸ்ட்ல தெரிவு செஞ்சாச் சரி. ரெண்டு லட்சத்தக் கொஞ்சம் தாண்டும்தான். ஆனா உங்கட வேலைக்கு அந்தக் காசு வீண் போகாது.

கெனன் ஆர்பியும் (2019) ஃபுல் ஃபிரேம்தான், பாரமே இல்ல, ஆனா பொடிக்குள்ள ஸ்டெபிலைசர் இல்ல. அத விட்டுடுவம்.

கல்முனை_நானா

தங்கச்சி சொன்ன வியூஃபைண்டர் கத நியாயம். இசட் 5 நல்ல பொடி, அதுல மறு பேச்சில்ல. ஆனா பட்ஜெட்டுக்குள்ள நிண்டு கதைச்சா மார்க் 2 இருட்டுலயும் எடுக்கும், ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் யோசிக்காம எடுக்கலாம், 6400ல கொஞ்சம் மணல் வரும். வியூஃபைண்டர்ல பெரிசாக்கிப் பாக்குற பட்டன சி1ல போட்டு வெச்சிட்டா புள்ளி குறவு எண்ட குறை பாதி போயிரும்.

பீக்கிங்க மட்டும் நம்ப வேணாம் தம்பி, அது எந்தப் பொடிக்கும் பொருந்தும். கூர்மையான ஓரமெல்லாம் சிவப்பா மின்னும், எஃப் 1.4ல மூக்கும் மின்னும் காதும் மின்னும், எது உண்மையில ஃபோகஸ்ல இரிக்கி எண்டு விளங்காது. பீக்கிங் லெவல ஆகக் குறைய வெச்சா மின்னுறது குறவா இரிக்கும், அப்பத்தான் நம்பலாம். சரியா வேணுமெண்டா பெரிசாக்கிக் கண்ணுல வெச்சு ஃபோகஸ் பண்ணுங்க.

வாவிக்கரையான்

நானா, அக்கா, வயல் அண்ணன், எல்லாருக்கும் நன்றி. ஃபுல் ஃபிரேம் எண்டு முடிவெடுத்திட்டன். மார்க் 2 ஒண்டு இங்கயே டவுண்ல ஒராள்ட்ட இருக்கு, இசட் 5 தெரிஞ்ச ஒரு பெடியன்ட்ட இருக்கு, ரெண்டையும் ராவைல கையில எடுத்துப் பாத்திட்டுத்தான் காசு குடுப்பன்.

இன்னும் மூண்டு கேள்வி. டக்குமார வெள்ளைக் கடுதாசியில வெச்சுப் பாத்தா கண்ணாடி தேத்தண்ணி நிறத்துல மஞ்சளாத் தெரியுது, பழுதா? எஃப்டி 135ல டோர்ச் அடிச்சுப் பாத்தா ஓரத்துல சிலந்தி வல மாதிரி மெல்லிசா ஏதோ ஓடிக் கெடக்கு, அது பூஞ்சணமா? மத்தது கூத்துல ஆள் ஓடிக்கொண்டே இருக்கேக்க கையால எப்பிடி ஃபோகஸ் பண்றது, அக்கா நீங்க எப்பிடிச் செய்றீங்க?

திருக்கோவில்_அலை

மஞ்சள் பழுதில்ல. அந்த டக்குமார்ல 7 கண்ணாடி உள்ள வேர்ஷன்ல கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு, வருசம் போகப் போக அதிட கதிர்வீச்சால கண்ணாடி தானா மஞ்சளாகும். யூவி வெளிச்சத்துல வெச்சா திரும்பத் தெளியும். சின்ன யூவி எல்ஈடி டோர்ச் ஒண்ட கிட்ட வெச்சு நாள் கணக்கா எரிய விட்டா நிறம் இறங்குறது கண்ணால தெரியும். வெயில்லயும் செய்யலாம் எண்டு சொல்றவங்க, ஆனா எங்கட பக்கத்து வெயிலுக்கு லென்ஸ யன்னல்ல வெச்சிட்டுப் போனா சூரியன் அதுக்குள்ளால கூடி விழுந்து சீலை, பாய், மேச எல்லாத்தயும் எரிச்சிரும், அந்தச் சூட்டுல உள்ளுக்க கிரீசும் உருகி அப்பச்சர் பிளேட்டுல ஏறும். அதால யூவி டோர்ச்தான் நல்லம். கதிர்வீச்சுக்குப் பயப்படத் தேவையில்ல, கமராவுல போட்டு எடுக்கிறதுக்கு ஒண்டும் செய்யாது, கண்ணாடிய உடைக்கிறது, ராவுறது, அந்தத் தூளச் சுவாசிக்கிறது மட்டும் கூடாது.

எஃப்டி 135ல நீங்க சொல்றது பூஞ்சணம்தான், கிளை கிளையா பிரிஞ்சு ஓடினா வேற ஒண்டுமில்ல. ஓரத்துல கொஞ்சம் எண்டா படத்துல தெரியாது, வெளிச்சத்த நேர பாத்து எடுத்தா மட்டும் படம் வெளிறும். ஆனா விட்டா பரவும். கண்ணாடி மேல உள்ள கோட்டிங்கத் திண்ட பிறகு துடைச்சாலும் அடையாளம் நிக்கும், இப்பயே லென்ஸ் கழட்டத் தெரிஞ்ச ஆள்ட்ட குடுத்துத் துப்புரவாக்குங்க. அந்தத் தகரப் பெட்டியும் தோல் உறையும் ரெண்டும் வேணாம், தோல்தான் ஈரத்தப் பிடிச்சு வெக்கிறது. வாவி ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் உள்ள ஊர்ல காத்துல ஈரம் எப்பயும் நிக்கும். ட்ரை கெபினட் எடுக்க ஏலுமெண்டா எடுங்க, இல்லாட்டி காத்துப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளுக்க சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்டு. 40க்கும் 50க்கும் இடையில நிண்டாச் சரி. ஆகக் காய விட்டாலும் கிரீஸ் இறுகும்.

இப்ப கூத்து. ஆளத் துரத்தித் துரத்தி ரிங்கத் திருகினா ஒரு படமும் வராது. களரி வட்டம், ஆடுறவர் அந்த வட்டத்துலதான் சுத்தி வருவார், அப்ப அவர் எங்க வருவார் எண்டு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நான் கூத்து ஆட்டுவிக்கிற அண்ணாவியாருக்கு எதிர்ப்பக்கம் நிலத்துல இருந்திடுவன், எனக்கு நேர வாற இடத்துல ஒருக்கா பெரிசாக்கி ஃபோகஸ் வெச்சிடுவன், பிறகு ரிங்கத் தொட மாட்டன். 5 மீற்றர் தூரத்துல 50 லென்ஸுக்கு எஃப் 2.8 வெச்சா முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து ஒண்டரை மீற்றர் மட்டுல தெளிவா நிக்கும், அதுக்குள்ள ஆள் வந்து விழுறத மட்டும் பாத்து அடிக்கிறது. எஃப் 1.4 எண்டா அதுல பாதிதான், களரிக்கு நான் 1.4 திறக்கிறதில்ல. மத்தளத்தக் காதால கேளுங்க, ஆட்டம் முறிஞ்சு தாளம் தீர்ற இடத்துல ஆடுறவர் ஒரு கணம் நிப்பார், கரப்புடுப்பு மட்டும் இன்னும் சுழண்டு கொண்டிருக்கும், 1/125லயும் மூஞ்சி தெளிவா விழுற இடம் அதுதான். கூத்து தெரிஞ்ச ஆளுக்கு ஓட்டோ ஃபோகஸ விட அந்தத் தாளம் பெரிய உதவி, இத நான் மனசாரச் சொல்றன்.

இன்னொண்டு, இப்ப களரிக்கு எல்ஈடி பல்புதான் கூட. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், சில பல்பு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். இசட் 5ல சைலண்ட் ஷட்டர் போட்டா படத்துல கறுப்புக் கோடு விழும், மெக்கானிக்கல் ஷட்டர்லயே எடுங்க. பல்பு மோசமெண்டு கண்டா 1/100க்கு இறக்கிப் பாருங்க, கோடும் நிறமாற்றமும் அடங்கிரும்.

சம்மாந்துறை_வயல்

அக்கா சொன்ன பிறகு என்ட ஏ6000 வாதத்த இந்தாளுக்குச் சொல்லல்ல, சுழல் விசயம் சரிதான். பறவைக்கு மட்டும் நான் குரொப்ப விட மாட்டன்.

மார்க் 2 பாக்கப் போறீங்க எண்டா அப்பச்சர எஃப் 16க்கு மூடி வெள்ளைச் சுவர இல்லாட்டி வானத்த ஒரு படம் எடுத்துப் பாருங்க, சென்சர்ல உள்ள தூசி, எண்ணெய்ப் புள்ளி எல்லாம் கறுப்பாத் தெரியும். தூசி துடைக்கலாம், கீறல் எண்டா விட்டுட்டு வாங்க. மவுண்ட்ல லென்ஸப் பூட்டி மெல்ல ஆட்டிப் பாருங்க. மற்றது பெட்டரி, அந்தக் காலத்துச் சோனி பெட்டரி சின்னன், வியூஃபைண்டரால எடுத்தா 300 படமும் தாங்காது, கூத்து விடிய விடிய ஆடுறது, மூண்டு பெட்டரியாவது சேத்துக் கேளுங்க.

கல்முனை_நானா

அடப்டர் விசயத்தயும் செல்லிட்டுப் போறன். எம்42 அடப்டர் லென்ஸிட பின்பக்க ஊசிய அமத்துற ஒரு தட்டு உள்ளுக்க வெச்சு வாறதும் இரிக்கி, தட்டில்லாததும் இரிக்கி. ஹீலியோஸ் 44-2 ப்ரீசெட் லென்ஸ், அதுக்கு ரெண்டு ரிங், ஒண்டுல நம்பர வெச்சு மத்ததாலத் திறந்து மூடுற, எந்த அடப்டரும் சரி. டக்குமார்ல பக்கத்துல ஓட்டோ, மெனுவல் எண்டு சின்னக் குமிழ் ஒண்டு இரிக்கி, அத மெனுவலுக்குத் தள்ளிட்டா அதுக்கும் எதுவும் சரி. தட்டில்லாத அடப்டர்ல குமிழ் ஓட்டோவுல கெடந்தா அப்பச்சர் மூடாது, என்ன நம்பர் வெச்சாலும் திறந்தபடிதான் எடுக்கும்.

எஃப்டி அடப்டர்ல ஓபன், லொக் எண்டு ஒரு ரிங் இரிக்கும். ஓபன்ல வெச்சு லென்ஸப் பூட்டி, மறுகா லொக்குக்குத் திருப்பினாத்தான் அப்பச்சர் வேல செய்யும். லென்ஸ்ட ரிங்கையும் ஏ-யில விடாம நம்பருக்குக் கொண்டு வாங்க. பூட்டுற நேரம் அழுத்தித் திருக வேணாம், இறுகினா ரிங்கப் பாத்துட்டு திரும்பப் பூட்டுங்க.

ஆக மலிவான அடப்டர் வாங்க வேணாம், தடிப்பு மயிர்க்கனம் கூடினாலும் தூரம் தெளியாது, வாவிக்கு அங்கால உள்ள தென்னமரம் எப்பயும் மங்கலாத்தான் விழும். வாங்கின உடன பகல்ல தூரத்துல உள்ள ஒண்ட வெச்சு முடிவிலிக்குத் திருகிப் பாருங்க, தெளியல்லயெண்டா அண்டைக்கே திருப்பிக் குடுங்க.

வாவிக்கரையான்

சரி நானா, எழுதி வெச்சிட்டன். சனிக்கிழம ராவைக்கு ரெண்டு பொடியையும் பாக்க ஒழுங்கு செஞ்சிருக்கன், எம்42 அடப்டர் சோனிக்கு ஒராள் இரவல் தாறார், இசட்டுக்குத்தான் தேடணும். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் ஆருட்டயும் எம்42ல இருந்து இசட் அடப்டர் இருந்தா ஒரு ராவைக்கு இரவல் தாங்க, நானே வந்து எடுத்திட்டு அடுத்த நாள் கொண்டு வந்து தாறன்.

திருக்கோவில்_அலை

என்னட்ட இருக்கு தம்பி. வெள்ளிக்கிழம நான் கல்முனைக்கு வருவன், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்க. வரேக்க அந்த 135ஐயும் கொண்டு வாங்க, பூஞ்சணம் எந்தக் கண்ணாடியில இருக்கெண்டு பாத்துச் சொல்றன்.